தேர்தல் நோட்டீசுக்கு யார் உபயம்?

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலுக்கு இன்னும் பத்து நாள் இருந்த ஓர் இரவு. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டி முடித்த நோட்டீஸ்களை ஆயிரம் ஆயிரமாகக் கட்டிக்கொண்டிருந்தோம். மொத்தம் இருபத்தையாயிரம். ஒரு பக்கம் வேட்பாளரின் சிரிப்பும் விருப்பு இலக்கமும், மறுபக்கம் புள்ளடி எங்கே போடுவது என்று காட்டும் மாதிரி வாக்குச்சீட்டு. மை முழுதாகக் காயவில்லை, கட்டுகளை உயரமாக அடுக்கினால் மேல் தாளின் முதுகில் கீழ்த் தாள் வேட்பாளரின் மீசை ஒட்டிக்கொள்ளும் என்று கடைப் பொடியனைப் பக்கத்தில் காவல் நிற்க வைத்திருந்தேன்.

எடுத்துப்போக வந்தவர் வேட்பாளருக்குச் சொந்தக்காரர், எனக்கும் நெடுநாள் பழக்கம்.

"அண்ணன், பில்லை யார் பேருக்கு எழுதுறது?"

போனைக் காதில் வைத்தபடி வெளியே போனார். ஒழுங்கை முனைவரை நடந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று, திரும்பி வந்தார். "ரெண்டாப் பிரிச்சு எழுதுங்க தம்பி. ஐயாயிரத்துக்கு வேட்பாளர் பேர்ல. மிச்ச இருபதுக்கு..." என்று கட்டிடக் கொந்தராத்துச் செய்யும் ஒரு கம்பனியின் பெயரைச் சொன்னார்.

"என்னெண்டு போட?"

"நவம்பர்தானே. கலண்டர் எண்டு போடுங்க."

போட்டேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்கினால் நான் யோக்கியன் வேசம் போட்டதாகிவிடும். நோட்டீஸ் ஒன்றுக்கு நாலரை ரூபாய்ப்படி வேட்பாளர் பெயரில் 22,500, கம்பனி பெயரில் "2025 சுவர்க் கலண்டர்" என்று 90,000. அடுத்த நாள் ஒரு டபிள் கெப் வந்து நின்றது, இறங்கியவர் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, காசை எண்ணிக் கொடுத்தார், பில்லை மடித்துப் பையில் வைத்தார், போனார். அந்த வருடம் அந்தக் கம்பனிக்கு நாங்கள் ஒரு கலண்டர்கூட அடிக்கவில்லை.

திருகோணமலையில் அச்சகம் வைத்திருப்பவன் நான். அப்பா தொடங்கியது, நான் தொடர்கிறேன். வருடம் முழுதும் கலியாண அட்டை, அந்தியேட்டிக் கல்வெட்டு, பில் புத்தகம், ரியூசன் நோட்டீஸ், கோயில் திருவிழா விஞ்ஞாபனம், இவற்றுக்கு நடுவே சில வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். தேர்தல் காசு மழைக்காலக் காட்டாறு மாதிரி, வரும்போது பெருகி வரும், எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இந்தமுறைதான் எனக்கு அது உறுத்தியது, ஏனென்றால் இந்தமுறை அதற்கென்று ஒரு சட்டம் இருந்தது.

அதற்கு முன் ஒரு பழைய சட்டத்தைச் சொல்லவேண்டும். தேர்தல் நோட்டீஸ் எதுவானாலும் அதை அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் விலாசமும் தாளில் இருக்கவேண்டும், 1981ம் ஆண்டின் 1ம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டப்படி இல்லாவிட்டால் குற்றம். அதனால் எந்த நோட்டீசை எடுத்தாலும் அடியில் எறும்பு ஊர்ந்தமாதிரி ஒரு வரி இருக்கும், அதில் எங்கள் கடைப் பெயர் இருக்கும். தேர்தல் காலத்தில் பொலிஸ்காரர் நோட்டீசைக் கையில் எடுத்தால் வேட்பாளர் முகத்தைப் பார்க்கமாட்டார், நேரே அந்த அடி வரிக்குத்தான் கண் போகும். ஆக, மை பூசியவன் பெயர் தாளில் கட்டாயம். தாளுக்கும் மைக்கும் காசு கொடுத்தவர் பெயருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

அதே 1981 சட்டம் இன்னொரு வேலையும் செய்தது. அதற்கு முன்பு, 1946ம் ஆண்டின் தேர்தல் கட்டளைச் சட்டத்தில், ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்ற வரம்பு இருந்தது, செலவுக்குக் கணக்கும் காட்டவேண்டும். 1978 அரசியலமைப்போடு, வாக்கு வீதப்படி கட்சிகளுக்கு ஆசனம் பிரிக்கும் விகிதாசார முறை வந்து, அதற்காக எழுதிய புதிய சட்டத்தில் அந்த வரம்பை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் தேர்தல் செலவுக்கு மேல் எல்லையே இல்லை.

அப்பாவின் தகரப் பெட்டிக்குள் 1977 தேர்தல் கால பில் புத்தகம் ஒன்று இருக்கிறது, ஓரமெல்லாம் கறையான் தின்றது. பின்னாளில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவரான சம்பந்தன் ஐயா முதல்முறை பாராளுமன்றம் போன தேர்தல் அது. ஈய எழுத்தைக் கையால் கோர்த்து, காலால் மிதிக்கும் மெசினில் அடித்த காலம். அந்த பில்லுகளில் "தேர்தல் முகவர்" என்று போட்டு அதன் எதிரே ஓர் ஆளின் பெயர், கையொப்பம். அப்பா சொல்வார், முகவர் வந்து ரசீதைக் கேட்டு வாங்கி, ஆறாக மடித்து சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார், தொலைந்துவிட்டால் இன்னொன்று எழுதித்தரச் சொல்லிக் கெஞ்சுவார் என்று. கள்ளக் கணக்கு அந்தக் காலத்திலும் இருந்திருக்கும், நான் அந்தக் காலத்தைக் கோயிலாக்கவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று கேட்கப்படும் என்ற பயமாவது இருந்தது.

விகிதாசாரமும், கட்சிப் பட்டியலில் எந்த ஆள் வேண்டும் என்று வாக்காளரே காட்டும் விருப்பு வாக்கும் வந்த பிறகு செலவின் கணக்கே மாறியது. எங்கள் மாவட்டத்துக்கு நாலு ஆசனம், ஒரு பட்டியலில் ஏழு பேர். வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே வெருகல்வரை, கிண்ணியா, மூதூர், கந்தளாய், சேருவில எல்லாம் சேர்த்து ஒரே தொகுதிபோல ஓடவேண்டும். எதிர்க்கட்சிக்காரனை மட்டும் வென்றால் போதாது, பக்கத்தில் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் சொந்தக் கட்சிக்காரனையும் வெல்லவேண்டும். நோட்டீஸ் கொண்டுவருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "மற்றவர் எத்தனை அடிச்சவர்?" என்றுதான், அந்த 'மற்றவர்' பெரும்பாலும் அதே கட்சி. வாத்தியார் சம்பளத்திலும் பென்சனிலும் இந்த ஓட்டம் ஓட முடியாது. அங்கேதான் டபிள் கெப் வருகிறது.

சரி, புதிய சட்டம். 2023ம் ஆண்டின் 3ம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், அந்த வருடம் ஜனவரியில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உள்ளூராட்சித் தேர்தலைப் பின்தள்ளத்தான் இந்த அவசரம் என்று எதிர்க்கட்சிகள் அப்போது சந்தேகப்பட்டன. எப்படியோ 2023 மார்ச் 9ம் திகதி நடக்கவேண்டியிருந்த அந்தத் தேர்தல் காசில்லை என்று நின்றுபோனது. அந்த வருடம் அடித்துவைத்து யாரும் எடுக்க வராத நோட்டீஸ் கட்டுகளின் பின்பக்கத்தில்தான் என் மகள் இரண்டு வருடமாகக் கணக்குச் செய்து பார்த்தாள், அது வேறு கதை.

சட்டம் பெரிய அளவில் முதலில் வேலை செய்தது 2024 செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில். தேர்தல் ஆணைக்குழு செலவு வரம்பை ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று நிர்ணயித்தது. பதிவான வாக்காளர் 1 கோடி 71 லட்சத்து 40 ஆயிரத்துச் சொச்சம், பெருக்கிப் பார்த்தால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி 82 லட்சம் ரூபாய்க்கு மேல். 109 ரூபாய் என்றால் சந்திக் கடையில் ஒரு பிளேன்டீயும் ஒரு வடையும், ஆளுக்கு அவ்வளவுதானா என்று தோன்றும். 186 கோடி என்றதும் தலை சுற்றும். களத்தில் நின்ற 38 பேரில் அந்த எல்லையை எட்டிப் பார்க்கக்கூடியவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள், மற்றவர்களுக்கு அது வானத்து நட்சத்திரம்.

வரம்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், ரிவியில் விவாதம்கூட வைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. வேட்பாளர்கள் செலவை மட்டும் சொன்னால் போதாது, யாரிடமிருந்து என்ன வந்தது என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும், தேர்தல் முடிவு வெளியாகி 21 நாளுக்குள். அரச நிறுவனங்கள், வெளிநாட்டு அரசாங்கங்கள், வெளிநாட்டுக் கம்பனிகள், யாரென்றே தெரியாத ஆட்கள், இவர்களிடம் வாங்கக்கூடாது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் எனக்குத் தட்டுப்படுகிறது.

உள்ளூர்க் கம்பனிக்குக் கதவு திறந்தே இருக்கிறது, ஒன்று. கொடுப்பது தப்பென்று நான் சொல்லவரவில்லை. கொடுத்தால் கம்பனிப் பக்கமும் தெரியவேண்டும் இல்லையா? 2007ம் ஆண்டின் 7ம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஆண்டறிக்கையில் அந்த வருடம் கொடுத்த நன்கொடைகளின் மொத்தத் தொகையைச் சொல்லவேண்டும். மொத்தத் தொகை, அவ்வளவுதான். கோயில் தேருக்குக் கொடுத்ததும், வெள்ள நிவாரணத்துக்கு அரிசி கொடுத்ததும், வேட்பாளருக்குக் கொடுத்ததும் ஒரே பானையில். எங்கள் கலண்டர் அந்தப் பானைக்குள்கூடப் போயிருக்காது, விளம்பரச் செலவு என்று வேறு பானைக்குள் போயிருக்கும், அதற்கு வரிக்கழிவுகூடக் கேட்டிருக்கலாம், யார் கண்டது.

மற்றது, அந்த 21 நாள். முடிவு வந்து, பட்டாசு வெடித்து, பாற்சோறு கொடுத்து, அமைச்சும் பகிர்ந்த பிறகுதான் யார் காசு போட்டார் என்று பார்க்க வழி கிடைக்கிறது. புள்ளடி போடுகிறவனுக்கு இந்தத் தகவல் புள்ளடி போட்ட பிறகு என்னத்துக்கு? கலியாணம் முடிந்தபிறகு பொருத்தம் பார்க்கிற கதை.

இந்தியாவில் நடந்ததை எங்கள் ஊரில் தேநீர்க் கடையில்கூடப் பேசினார்கள், தமிழ்நாட்டுச் செய்தி பார்க்காத வீடு இங்கே குறைவு. 2018ல் தேர்தல் பத்திரம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பாரத ஸ்டேட் வங்கிக்குப் போய் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடிவரை பத்திரம் வாங்கி விருப்பமான கட்சிக்குக் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. அதோடு, கம்பனிகள் மூன்று வருடச் சராசரி இலாபத்தில் ஏழரை வீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்த பழைய வரம்பையும் 2017லேயே எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பனியும் கொடுக்கலாம் என்றாகிவிட்டது, நட்டத்தில் இருப்பவன் எங்கிருந்து எடுத்து யாருக்காகக் கொடுப்பான் என்று கேட்க ஆளில்லை.

2024 பெப்ரவரி 15ம் திகதி உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து இதை முழுதாகத் தூக்கி எறிந்தார்கள். வாக்காளனுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. மார்ச்சில் பட்டியல் வெளிவந்தது. ஆகக் கூடுதலாக வாங்கியவர் யார் என்றால், லாட்டரி மார்ட்டினின் பியூச்சர் கேமிங் கம்பனி, 1,368 கோடி இந்திய ரூபாய்க்கு. அதில் 509 கோடி தங்களுக்கு வந்தது என்று தி.மு.க. தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கில் இருந்தது. ஒட்டுமொத்தமாக ஆகக் கூடுதல் பத்திரம் போனது பா.ஜ.க.வுக்கு. அன்றைக்குக் கடையில் என்னோடு இருந்தவர் இரண்டு கட்சிக்கும் சொந்தமில்லாதவர், ஒரு மீனவர் சங்கத்துக்காரர், பேப்பரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார், "சீட்டுக்காரன்தான் எல்லாரையும் வச்சு விளையாடியிருக்கான் பாருங்க." பட்டியல் வந்ததால்தான் அவருக்கு அதைச் சொல்ல முடிந்தது. எங்கள் ஊர்க் கணக்கைப் பற்றி அவரால் அப்படி ஒரு வரி சொல்ல முடியாது, ஊகம் மட்டும்தான் பேசலாம்.

அமெரிக்காவில் கதை இன்னும் சிக்கல். 1907லேயே கம்பனிகள் மத்திய தேர்தல் வேட்பாளர்களுக்குக் காசு கொடுக்கக்கூடாது என்று சட்டம் போட்ட நாடு அது. 2010 ஜனவரியில் சிட்டிசன்ஸ் யுனைட்டட் வழக்கில் ஐந்துக்கு நாலு என்று உச்ச நீதிமன்றம் பிரிந்து, வேட்பாளர் கையில் நேரே கொடுக்காமல் தனியாக நின்று செலவு செய்வதென்றால் கம்பனி எவ்வளவும் செய்யலாம் என்று தீர்ப்புச் சொன்னது. இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. அதே தீர்ப்பில், யார் காசு என்பதை வெளியே சொல்லத்தான் வேண்டும் என்ற பகுதியை எட்டுக்கு ஒன்று என்று உறுதிசெய்தார்கள். வரம்பு வேண்டாம் என்றவர்களும் பெயர் வேண்டும் என்றார்கள். ஆனாலும் நடந்தது என்ன? செலவு செய்கிற அமைப்பு தனக்குத் தந்தவர் பட்டியலைக் கொடுக்கும், அந்தப் பட்டியலில் இன்னொரு அமைப்பின் பெயர் இருக்கும், அந்த அமைப்புக்கு யார் கொடுத்தார் என்று சொல்லும் கட்டாயம் இருக்காது. கலண்டர் கம்பனிக்குப் பின்னால் இன்னொரு கலண்டர் கம்பனி.

கனடாவைப் பற்றிச் சொன்னால் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் சுடும். அங்கே 2007லிருந்து மத்திய அரசியல் கட்சிகளுக்குக் கம்பனியும் கொடுக்க முடியாது, தொழிற்சங்கமும் கொடுக்க முடியாது. தனியாள் கொடுக்கலாம், அதற்கும் வருடத்துக்கு ஒரு வரம்பு. 200 டொலருக்கு மேல் கொடுத்தால் பெயர் பகிரங்கப் பட்டியலில் வரும். ஸ்காபரோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட சித்தப்பா அங்கே ஓர் எம்.பி.க்குக் காசு கொடுத்து, ரசீது வாங்கி, வரிக்கழிவும் எடுத்து, அதைப் பெருமையாக எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். அதே சித்தப்பா இங்கே தேர்தல் என்றால் ஆரோ ஒருவர் மூலம் ஆரோ ஒருவர் கைக்கு அனுப்புவார், ரசீது என்றால் என்ன என்று அப்போது கேட்கமாட்டார். "சித்தப்பா, இதுக்கும் ஒரு துண்டு தரச்சொல்லிக் கேளுங்கோவன்" என்றேன். "இது எங்கட பிரச்சினைக்குக் குடுக்கிறதடா" என்றார். கொந்தராத்துக்காரர்களைத் திட்டும்போது இதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும். தமிழ்க் கட்சிக்கு வரும் பெயரில்லாத காசுக்கு மட்டும் தனிப் புனிதம் ஒன்றும் கிடையாது, கொடுத்தவர் விமானமேறி வந்து வேட்பாளர் தெரிவில் வாய் வைக்கும்போது அது தெரியும்.

இந்த ஊரில் ஏன் இதை இவ்வளவு இழுக்கிறேன் என்றால், இங்கே கையெழுத்து ஒன்றுக்குப் பெறுமதி அதிகம். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி அதில் 61 இலங்கை இந்தியக் கூட்டுக் கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் எண்ணெய்க் கம்பனிக்கு. சம்பூரில் நிலக்கரி என்றார்கள், 2016ல் இல்லை என்றார்கள், இப்போது சூரியஒளி என்கிறார்கள். புல்மோட்டையில் கனிய மணல், மகாவலி கடலுக்கு வரும் பக்கம் கட்டிட மணல், நிலாவெளிப் பக்கம் கடற்கரைக் காணி, கடலில் சுருக்குவலை அனுமதி. இதில் யார் எந்த வேட்பாளருக்குக் கொடுத்தார் என்று நான் ஒரு பெயரும் சொல்லவில்லை, சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. மணல் பெர்மிட் வேண்டியவரும் தேர்தலில் நிற்பவரும் ஒரே கெப்பில் போவதைப் பார்த்தால் நாங்கள் சிரித்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான் எங்களால் முடிகிறது.

பெரிய அளவிலும் இதே கதைதான். 2015 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்சவின் பிரசாரத்தோடு தொடர்புடையவர்களுக்குச் சீனத் துறைமுகக் கம்பனி ஒன்றின் கணக்கிலிருந்து 76 லட்சம் டொலராவது போனது என்று 2018 ஜூனில் நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது. அவர் மறுத்தார். உண்மையோ பொய்யோ, அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் மூன்று வருடம் கழித்து வரவேண்டியிருந்தது. நம்மிடம் பார்க்க ஒரு பதிவேடு இருக்கவில்லை. 2024 டிசம்பரில் மதுபானசாலை அனுமதிப் பட்டியலைப் பாராளுமன்றத்தில் வைத்தபோதும் சனம் தேடியது அதையேதான், எந்த லைசன்சுக்குப் பின்னால் எந்த மேடை என்று.

இனி, எதிர்ப்பக்கம். இதை நான் சும்மா தள்ளிவிடமாட்டேன், ஏனென்றால் அது எங்கள் வீட்டுக்குள் நடந்தது. யுத்த காலத்தில் யாருக்கு நோட்டீஸ் அடித்தாய் என்று கேட்டு இரண்டு பக்கத்தாலும் ஆட்கள் வந்தார்கள். யாருக்குக் காசு கொடுத்தாய் என்று கேட்டால் அந்தப் பதில் உயிர் விலை. அப்பா அந்த வருடங்களில் பில் புத்தகமே எழுதவில்லை. பெயரை வெளியே போடு என்று இன்றைக்கு லேசாக எழுதுகிற எனக்கு அது நினைவிருக்கிறது. அமெரிக்காவிலும் 1958ல் அலபாமா மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு ஒன்றிடம் உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, கொடுக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, பட்டியல் போனால் அந்த ஆட்களுக்கு வேலை போகும், அடி விழும் என்று தெரிந்துதான்.

அதனால் நான் கேட்பது ஐந்நூறு ரூபாய் கொடுக்கிற ஆளின் பெயரை இல்லை. மீன் விற்கிறவர், ஓட்டோக்காரர், டீச்சர், இவர்கள் பயமில்லாமல் பெயரில்லாமல் கொடுக்கட்டும். கம்பனியாக இருந்தாலும் தனியாளாக இருந்தாலும் ஒரு தொகைக்கு மேல் போனால் பெயர் வேண்டும், அதுவும் வாக்களிப்புக்கு முன்னால், கிழமைக்கு ஒருமுறை என்றாலும் சரி, கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசல் பலகையிலும் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் மூன்று மொழியிலும். அரச ரெண்டர் எடுக்கிற கம்பனி கொடுக்கவே கூடாது. வரம்பு 109 ரூபாயா 150 ரூபாயா என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை, வரம்பை ஏமாற்ற ஒரு கலண்டர் போதும் என்று நானே என் கையால் எழுதிக் காட்டியிருக்கிறேனே. பெயரையும் ஏமாற்றலாம், தெரியும். ஆனால் பெயர் வெளியே தொங்கும்போது, இந்தக் கம்பனி எங்கே கலண்டர் அடித்தது, நம் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லையே என்று கேட்க ஊரில் ஆள் இருக்கும்.

இது புதுசு ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் கடையில் அடிக்கிற திருவிழா விஞ்ஞாபனத்தை எடுத்துப் பாருங்கள். முதலாம் திருவிழா இன்னார் உபயம், இரண்டாம் திருவிழா இன்னார் குடும்பம், தேர் இந்த வர்த்தகச் சங்கம், அன்னதானம் லண்டனிலிருந்து இன்னார். ஓர் எழுத்துப் பிழை விட்டால் விடியக்காலையில் கடை வாசலில் வந்து நிற்பார்கள். தேவஸ்தானக் கணக்கில் சண்டை வரும்போது அந்த விஞ்ஞாபனத்தைத்தான் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாமிக்குக் கொடுப்பதைப் பெயர் போட்டுக் கொடுக்கிற அதே கைதான் வேட்பாளருக்குக் கொடுக்கும்போது கலண்டராகிறது.

2025 மே 6ம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. சுயேச்சைக் குழு ஒன்றில் நின்ற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மூவாயிரம் நோட்டீசுக்கு வந்தார். காசைப் பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் கொண்டுவந்தார், நூறு, ஐந்நூறு, ஆயிரமாக. எனக்கு அந்த நவம்பர் கலண்டர் மனதில் இருந்திருக்கவேண்டும், கேட்டுவிட்டேன்.

"டீச்சர், காசு தந்த ஆக்களின்ட பேரைக் கீழ போடுவமா?"

"என்ன, திருவிழா உபயம் மாதிரியா?"

"ஓம், அதே மாதிரி."

சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஐயாயிரத்துக்கு மேல் தந்த நாலு பேருக்கும் போன் எடுத்துக் கேட்டு, சரி என்றார். அச்சிட்டவர், வெளியிட்டவர் வரிக்கு மேலே, "இந்த நோட்டீசுக்கு உபயம்" என்று போட்டு நாலு பெயரும் தொகையும் கோர்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு தேர்தல் நோட்டீசுக்கு நான் அப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. உருத்திராட்சம் கட்டியமாதிரி ஒரு பெருமை, மறைக்கவில்லை.

மற்ற நாள் பின்னேரம் நாலு பேரில் ஒருவர் கடைக்கு வந்தார், சின்ன ஹார்ட்வெயார் வைத்திருப்பவர். டீச்சர் படிப்பித்த பிள்ளை. "அண்ணன், கோவிக்காதீங்க, என்ட பேரை எடுத்துவிடுங்க. அங்கால எலெக்சன் கேக்கிற ஒராள் என்ட கடையிலதான் சீமெந்து எடுக்கிறவர், மாசக் கணக்கு." ஆயிரத்து ஐந்நூறு ஏற்கெனவே வெளியே போயிருந்தது. திரும்ப பிளேட் எடுக்க டீச்சரிடம் காசில்லை. கடைசியில் நானும் பொடியனும் டீச்சரின் பேத்தியும் சேர்ந்து மிச்ச ஆயிரத்து ஐந்நூறிலும் அந்த ஒரு பெயரை மார்க்கர் பேனையால் கறுப்படித்தோம், இரவு பதினொன்று ஆனது, மூன்று பேனை முடிந்தது.

இரண்டு நாள் கழித்து மீன் வாங்கப் போன இடத்தில் அந்த நோட்டீசை ஒருவர் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, தாளின் பின்பக்கத்தால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஆர் தம்பி, இந்தக் கறுப்புக்குள்ள இருக்கிறது?" என்று என்னிடமே கேட்டார்.